தலகாணில உச்சா போற பூனை, யாராச்சும் வழி சொல்லுங்க
எல்லாருக்கும் வணக்கம், சிங்கப்பூர் யீஷூன்ல நாலறை வீடு, 2024 செப்டம்பர்ல வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்ல பூனை வளர்க்கலாம்னு ஆனதும் லைசென்ஸ், மைக்ரோசிப்னு முறையா வளர்க்கிறோம், ஆண் பூனை, கருத்தடை பண்ணியாச்சு. ரெண்டு வாரமா அது உச்சா போற மண் ட்ரே ஓரத்துல ஒரு காலை மட்டும் வச்சு மோந்து பார்த்துட்டு, அப்படியே திரும்பி மாமியார் தலகாணில போயிடுது (வேற இடமே கிடைக்கலையா அதுக்கு!).

ஆண் பூனைக்கு மூத்திரம் அடைச்சா ஒண்ணு ரெண்டு நாள்லயே உயிருக்கு ஆபத்தாச்சேன்னு பயந்துபோய் கிளினிக்ல காட்டினேன், யூரின் டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல. ட்ரேல போடுற பைன் (மரத்தூள்) மண்ணை விட்டு டோஃபு (சோயா சக்கை) மண்ணுக்கு மாத்தினதுலேர்ந்துதான் இப்படி. அமோனியா கிளீனர் அதுக்கு மூத்திர வாடை மாதிரியே இருக்குமாம், அதான் தலகாணில வாடை போக என்சைம் ஸ்ப்ரே வாங்கிட்டேன்.

பழைய மண்ணுக்கே போகவா, இல்ல பாம் ஷெல்டர்ல (வீட்டுக்குள்ளயே இருக்கிற பாதுகாப்பு அறை) இன்னொரு ட்ரே வைக்கவா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்கப்பா, மாமியார் மூணு நாளா சோபாலதான் தூங்குறாங்க.