ஏடிபி பிணைப்பு உடைந்தால் ஆற்றல் எப்படி வருகிறது? யாராவது விளக்குங்களேன்

நண்பர்களே, தொடக்க உயிரியலில் வரும் வேதிப்பிணைப்புப் பாடத்தில் ஓர் இடம் எனக்குப் பிடிபட மாட்டேன் என்கிறது. பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும், புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும் என்று வேதியியலில் படிக்கிறோம். உயிரியலுக்கு வந்தால் செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியின் (ATP) கடைசி பாஸ்பேட் பிணைப்பு உடைகிறது, ஆற்றல் கிடைக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நான் புரிந்துகொண்ட வரை, அந்த வினையில் தண்ணீர் மூலக்கூறும் சேர்கிறது, பழைய பிணைப்புகள் உடைந்து புதியவை உருவாகின்றன, நெருக்கியடித்துக்கொண்டிருந்த எதிர்மின்சுமைகள் விலகுகின்றன, பிரிந்துபோன பாஸ்பேட் நீரில் இன்னும் நிலையாக இருக்கிறது, இவ்வளவும் சேர்ந்த மொத்தக் கணக்கில்தான் மோலுக்குச் சுமார் 30 கிலோஜூல் மிஞ்சுகிறது. இது சரிதானா? இந்தக் காரணங்களில் எதற்குப் பங்கு அதிகம்?

அப்புறம் இன்னொரு கேள்வி. ஹைட்ரஜன் பிணைப்பு வலுக்குறைந்தது என்பது எண்ணைப் பார்த்தாலே தெரிகிறது, தண்ணீரில் மோலுக்கு 20 கிலோஜூல் அளவுதான், எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் சகப்பிணைப்போ 460-ஐ ஒட்டி இருக்கிறது. ஆனால் அயனிப் பிணைப்பை வேதியியலில் வலுவானது என்றும் உயிரியலில் வலுக்குறைந்தது என்றும் சொல்கிறார்களே, செல்லுக்குள் சுற்றிலும் நீர் இருப்பது மட்டும்தான் காரணமா?

ஒரு மாணவிக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மனப்பாடம் செய் என்று சொல்ல மனசு வரவில்லை, அவள் கேட்கும் கேள்விகள் அவ்வளவு நல்ல கேள்விகள். உயிர்வேதியியல் படித்தவர்கள் யாராவது கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், காகிதத்தில் படம் வரைந்து போட்டாலும் போதும்.