எம்.பி.ஏ. சேரும் தங்கைக்கு உதவித்தொகை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குழுவில் இருக்கும் அக்கா, அண்ணன்மாருக்கு வணக்கம். மதுரையில் பி.காம். முடித்த என் தங்கை, டான்செட் நுழைவுத்தேர்வு எழுதிவிட்டு எம்.பி.ஏ. கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறாள். மதிப்பெண் பற்றிக் கவலை இல்லை, பணம்தான் இடிக்கிறது.

அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. டவுன் பஸ் இலவசம். ஜெராக்ஸ், தேர்வுக் கட்டணம், ஏன், டான்செட் விண்ணப்பம்கூட அந்தப் பணத்தில்தான். இளநிலையோடு அது நின்றுவிட்டது. ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பெண்களுக்குத் தரும் பிரகதி உதவித்தொகை இருக்கிறதே என்றார்கள். பார்த்தால் அது டிப்ளமோவுக்கும் இளநிலைப் படிப்புக்கும்தான். பெண் பிள்ளை ஒரு டிகிரியோடு போதும் என்று முடிவு கட்டிவிட்டார்களோ என்னவோ!

வித்யாலட்சுமி தளத்தில் கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கலாம், தெரியும். 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும் என்றாலும் வட்டி வட்டிதானே. அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை, அதனால் கடனைக் கடைசியாக வைத்திருக்கிறோம்.

முதுநிலை மேலாண்மை படிக்கும் பெண்களுக்கு உதவும் அறக்கட்டளை எதிலாவது உங்கள் வீட்டுப் பெண்கள் வாங்கியிருக்கிறார்களா? சேர்க்கைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டுமா, கல்லூரியின் போனஃபைடு (அங்கே படிக்கிறாள் என்ற சான்றிதழ்) வந்த பிறகா? பி.சி. மாணவிகளுக்கான அரசு உதவித்தொகை சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் வருமா? வருமானச் சான்று கையில் தயார். பின்னூட்டத்திலேயே சொல்லுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும்.