காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பெட்ரோல் வாடை: பழைய கார், ரீகால் பற்றியும் ஒரு சந்தேகம்

ஜெலுத்தோங் வாசி

வணக்கம் அண்ணன்மார்களே. கார் 2007-ல் பதிவானது. ஜப்பான் ரகம், 1.5 லிட்டர் பெட்ரோல், ஆட்டோ கியர், இரண்டாம் கையாக வாங்கியது. ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஏர்கான் வழியாகப் பெட்ரோல் வாடை வருகிறது. எஞ்சின் சூடானதும் போய்விடுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பானட்டைத் திறந்தால் ஆயில் கருகும் வாடை தனியாக வருகிறது.

முந்தைய ஓனர் பின்னால் ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தார் போலிருக்கிறது. ஆம்ப் இப்போது இல்லை, ஆனால் பேட்டரியிலிருந்து பூட் வரை போகும் தடித்த சிவப்பு கேபிள் அப்படியே கிடக்கிறது.

பெயர் மாற்றும்போது புஸ்பாகோம் வாகனச் சோதனையில் பாஸ் ஆனது. ஃபோர்மேன், "பழைய காருன்னா வாடை வரத்தான் செய்யும், ஹோஸ் கிளிப்பை இறுக்கினா போதும்" என்கிறார். கார் நிற்பது ஃபிளாட்டுக்குக் கீழே, வேலை பிறையில், தினமும் பினாங்கு பாலம் தாண்டணும். இப்படியே ஓட்டலாமா? இந்த மாடலுக்கு ரீகால் (குறையுள்ள காரை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) இருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? கடிதம் எதுவும் வரவில்லை.

செந்தூல் பட்டறை

தம்பி, வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் வரை ஓட்டாதீர்கள். ஃபிளாட்டுக்கு அடியிலும் நிறுத்தாதீர்கள், திறந்த வெளிக்கு மாற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி, பக்கத்துக் காரின் ஸ்டார்ட்டர் தீப்பொறி வரைக்கும் போகும்.

புஸ்பாகோம் பாஸ் ஆனதை இதற்கு நம்பாதீர்கள். பெயர் மாற்றச் சோதனை, கார் கிரானில் (பதிவுச் சான்றிதழில்) உள்ள அதே கார்தானா என்று முக்கியமாகப் பார்ப்பதற்கு. இன்ஜெக்டர் (எஞ்சினுக்குள் பெட்ரோல் பீய்ச்சும் மூக்கு) கசிவைத் தேடுவது அதன் வேலை இல்லை.

குளிரில் வந்து சூட்டில் மறைகிற வாடை என்றால் நான் முதலில் பார்ப்பது இன்ஜெக்டர் ஓ-ரிங். பெட்ரோலைப் பகிரும் குழாயான ஃபியூல் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம் அது. இத்தனை வருடச் சூட்டில் இறுகி, தட்டையாகிவிடும். எஞ்சின் ஆறியிருக்கும்போது சுருங்கி இடைவெளி விடும், சூடானால் விரிந்து அடைத்துக்கொள்ளும். வாடை நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு நாம் ஓட்டுகிறோம்.

சோதிக்கும் விதம் இது. காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, திறந்த வெளியில், பானட்டைத் திறந்து வையுங்கள். சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள், ஸ்டார்ட் வேண்டாம். பின் சீட்டுக்கு அடியில் பம்ப் இரண்டு மூன்று வினாடி சத்தம் போட்டு நிற்கும். ஆஃப் செய்து, மறுபடி ஆன். இப்படி மூன்று நான்கு முறை செய்தால் ரெயிலில் முழு அழுத்தம் ஏறிவிடும், பெரும்பாலான கார்களில் 3 பார் சுற்றி இருக்கும். இப்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலைப்பகுதியையும், ரெயிலுக்கு வரும் ஹோஸின் இரண்டு முனைகளையும் வெள்ளை டிஷ்யூவால் தொட்டுப் பாருங்கள். ஈரமான இடம் தெரியும். எல்இடி டார்ச் மட்டும் பயன்படுத்துங்கள். குண்டு பல்பு தொங்கவிடும் பழைய பட்டறை விளக்கு கீழே விழுந்து உடைந்தால் அதுவே தீப்பொறி. யாரும் பக்கத்தில் சிகரெட் பிடிக்கக் கூடாது.

முன்னால் ஈரம் இல்லை என்றால் பின் சீட்டைத் தூக்கி, பம்ப் மூடியைச் சுற்றிப் பாருங்கள். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வாடை அதிகம் வந்தால் பெரும்பாலும் அந்த மூடியின் சீல்தான்.

கிளிப்பை இறுக்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. இறுகிப்போன ஹோஸை மேலும் நெரித்தால் பட்டையில் ஓட்டை போட்ட கிளிப் ரப்பருக்குள் இறங்கி வெட்டிவிடும். ஒரு வாரம் நிற்கும், பிறகு ஒரே நாளில் பிளக்கும். ஹோஸ் மாற்றுவதாக இருந்தால் மேலே எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்டது வேண்டும். 30ஆர்7 கார்புரேட்டர் காலத்து அழுத்தத்துக்குச் செய்தது. கடையில் இரண்டும் கறுப்பாக ஒரே மாதிரி தொங்கும், அச்சைப் படித்துத்தான் வாங்கவேண்டும். கிளிப்பும் ஓரம் மடித்த ஃபியூல் இன்ஜெக்ஷன் வகையாக இருக்கட்டும்.

ஆயில் கருகும் வாடை பெரும்பாலும் ரோக்கர் கவர் கேஸ்கெட், அதாவது எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் சீல். பல முன்சக்கர ஓட்டக் கார்களில் எக்சாஸ்ட் மேனிஃபோல்ட் (புகை வெளியேறும் சூடான குழாய்) ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கார் உள்ளுக்கும் நடுவில் உள்ள தகடு) பக்கம் இருக்கும். பின் ஓரத்தில் கசியும் ஆயில் நேராக அதன்மேல் சொட்டும். நீங்கள் கேட்ட இரண்டு வாடையும் சேர்ந்து வருவதுதான் எனக்குக் கவலை. பெட்ரோல் ஆவி தானாகப் பற்ற 250 டிகிரி சுற்றி இருந்தாலே போதும், ஏற்றத்தில் ஓடிவந்த மேனிஃபோல்ட் அதைத் தாண்டிவிடும்.

பட்டர்வொர்த் வயர்மேன்

அந்தச் சிவப்பு கேபிளை இன்றைக்கே கழற்றுங்கள், பெட்ரோல் வேலை முடியும் வரை தள்ளிப்போடாதீர்கள். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், அடுத்து பாசிட்டிவ் முனையில் அந்தக் கேபிளை எடுத்துவிடுங்கள். பூட் பக்கம் மட்டும் டேப் சுற்றி விட்டுவைப்பது பாதுகாப்பே இல்லை. சாவி ஆஃப் ஆனாலும் அதில் 12 வோல்ட் எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கும். ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் குரோமெட் (ஓட்டை ஓரத்துக் காப்பு வளையம்) இல்லாமல் நுழைத்திருந்தால் தகடு கொஞ்சம் கொஞ்சமாக இன்சுலேஷனை அறுக்கும். ஃபியூஸ் இல்லாத தடித்த கேபிள் பாடியைத் தொட்டால் பேட்டரி பல நூறு ஆம்ப்பியர் கொடுக்கும், கேபிள் சிவக்கச் சில வினாடி போதும். இதனால்தான் ஆளில்லாமல் நிறுத்திய காரும் எரிகிறது.

பின்னாளில் ஆம்ப் வைத்தால், பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும். ஃபியூஸ் காப்பது கேபிளைத்தான், ஆம்ப்பை இல்லை. பூட்டில் ஆம்ப் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால் வழி நெடுக உள்ள கேபிளுக்குக் காவலே கிடையாது.

அலாரம், டேஷ்கேம், அதிகத் திறன் பல்பு ஏதாவது பின்னர் பொருத்தியதா என்றும் பாருங்கள். கணக்கு எளிது: ஒரிஜினல் ஹெட்லைட் 55 வாட், ஒன்றுக்கு 5 ஆம்ப்பியருக்குள். 100 வாட் பல்பு போட்டால் ஒன்றுக்கு 8 தாண்டும், இரண்டுக்கும் சேர்த்து 16 தாண்டும். வயரும் சாக்கெட்டும் பழைய அளவுதானே, அதனால் சாக்கெட் உருகும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 15-ஐ எடுத்துவிட்டு 30 போடுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

கேபிளை எடுத்த பிறகு, மல்டிமீட்டரை 10 ஆம்ப்பியர் ரேஞ்சில் பேட்டரி நெகட்டிவோடு சீரியலில் வைத்து, கதவெல்லாம் மூடி அரை மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். 50 மில்லிஆம்ப்பியருக்குக் கீழே வந்தால் நல்லது. அதற்கு மேல் என்றால் ஏதோ ஒன்று ராத்திரியெல்லாம் கரண்ட் குடிக்கிறது, ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துத் தேடவேண்டும்.

பிறை கியூசி

ரீகால் பற்றி நான் சொல்கிறேன். கடிதம் வராததை வைத்து ரீகால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். நிறுவனத்திடம் பெரும்பாலும் முதல் ஓனரின் முகவரிதான் இருக்கும், கை மாறிய பழைய காருக்குக் கடிதம் வழி தவறும். ரீகால் கார் நம்பரைப் பார்த்து வருவதில்லை, சேசிஸ் நம்பரைப் பார்த்து வருவது. கிரானில் இருக்கும் 17 எழுத்து எண்ணை எடுத்துக்கொண்டு மலேசிய டிஸ்ட்ரிபியூட்டரின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டர் கவுண்டரிலோ கொடுங்கள். ரீகால் வேலைக்குக் காசு இல்லை, எத்தனையாவது ஓனர் என்றாலும் இல்லை. வெளியே சர்வீஸ் செய்த கார் என்பதும் தடையில்லை.

17 எழுத்து இல்லாமல் சில எழுத்து, ஒரு கோடு, பிறகு எண் என்று இருந்தால் அது ஜப்பானில் ஓடி, பழைய காராக இங்கே வந்த ரீகான் கார். உள்ளூர் தேடலில் அது வராது. அந்த பிராண்டின் ஜப்பான் தளத்தில் தேடவேண்டும், பிறகு இங்கே பார்ட்ஸ் போட்டுத் தருவார்களா என்று கேட்கவேண்டும்.

2007 ஜப்பான் கார் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது தீ இல்லை, தக்காத்தா நிறுவனத்தின் ஏர்பேக். பையை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டு, மோதும்போது வெடித்து, உலோக உறையைத் துண்டுகளாக ஓட்டுனர்மேல் வீசும். நம் ஊர் தட்பவெப்பம்தான் அதற்கு மிக மோசமானது. 2014-ல் சரவாக்கில் ஹோண்டா சிட்டியில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் உயிரிழந்தார், அமெரிக்காவுக்கு வெளியே முதலில் பதிவான மரணம் அது. ஹோண்டா மட்டும் இல்லை, டொயோட்டா, நிசான், மஸ்டா, மிட்சுபிஷி, பிஎம்டபிள்யூ என்று பட்டியல் நீளம்.

தீ தொடர்பான ரீகால்களில் திரும்பத் திரும்ப வரும் காரணம் ஒன்று உண்டு: எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்துக்குள் திரவம் புகுவது. ஃபோர்டு 1999-ல் தொடங்கிப் பல கட்டமாக 14 மில்லியனுக்கு மேல் கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். குரூஸ் கண்ட்ரோல் சுவிட்சுக்குள் பிரேக் ஆயில் கசிந்து, சாவி ஆஃபில் இருக்கும்போதே பற்றியது. 2023 செப்டம்பரில் ஹியூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் 3.3 மில்லியனுக்கு மேல் கார்களை அழைத்தன. அங்கே ஏபிஎஸ் பிரேக் மாட்யூலுக்குள் திரவக் கசிவு, சரிசெய்யும் வரை வெளியே நிறுத்துங்கள் என்றே சொன்னார்கள்.

உங்கள் காரின் வயதுள்ள கார்களுக்கு டிரைவர் பக்க ஜன்னல் சுவிட்சும் முக்கியம். 2010 ஜனவரியில் ஹோண்டா ஜாஸ், சிட்டி ரகங்களில் உலகம் முழுக்க 646,000 கார்களை அழைத்தது. மழைநீர் மாஸ்டர் சுவிட்சில் இறங்கித் தீப்பிடிக்கும் அபாயம், தென்னாப்பிரிக்காவில் ஒரு குழந்தை இறந்த பிறகு வந்த ரீகால். 2012 அக்டோபரில் டொயோட்டா 7.4 மில்லியன் கார்களை அதே சுவிட்சுக்காக அழைத்தது. சுவிட்ச் சிக்குகிறது என்று கடை ஸ்பிரே அடித்தால் உருகிப் புகையும் என்று அப்போதே எச்சரித்தார்கள். ஆகவே ஜன்னல் பட்டன் சிக்கினால் டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், சுவிட்சையே மாற்றுங்கள்.

ஜெலுத்தோங் வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கேபிளை எடுத்தாயிற்று, வயர்மேன் அண்ணன் சொன்ன மாதிரி ஃபயர்வாலில் குரோமெட்டே இல்லை. டிஷ்யூ சோதனையில் மூன்றாவது இன்ஜெக்டர் தலை ஈரம். ரோக்கர் கவர் பின் ஓரமும் ஈரம்தான். சேசிஸ் நம்பர் போட்டுப் பார்த்தால் டிரைவர் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் பாக்கி என்று காட்டுகிறது. அப்பாயின்ட்மென்ட் கேட்டிருக்கிறேன். ஃபோர்மேன் ஒரு ஓ-ரிங் மட்டும் ஹார்ட்வேர் கடையில் வாங்கிப் போட்டு, மேலே சிலிக்கோன் பூசிவிடலாம் என்கிறார். சரியா?

செந்தூல் பட்டறை

சரியில்லை தம்பி. ஹார்ட்வேர் கடை வளையம் தண்ணிப் பைப்புக்கானது, பெட்ரோலில் ஊறி உப்பி மறுபடியும் கிழியும். எஞ்சின் கோட் சொல்லி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பெட்ரோல் தாங்கும் எஃப்கேஎம் ரப்பர் செட் கேளுங்கள். நிறத்தைப் பார்த்து நம்பாதீர்கள், பச்சையாக எந்த ரப்பரையும் செய்யலாம். நான்கு இன்ஜெக்டருக்கும் மேல் வளையம், கீழ் சீல் எல்லாம் சேர்த்து மாற்றுங்கள். மற்ற மூன்றும் அதே வயதுதான்.

கழற்றும் முன் பம்ப் ரிலேயை எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள், தானாக நின்றால் ரெயிலில் அழுத்தம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதன்பின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எஞ்சினை ஆறவிட்டு, இணைப்புக்கு அடியில் துணி வைத்துத் திறங்கள், மிச்சம் கொஞ்சம் ஒழுகும். புது வளையத்துக்கு ஒரு துளி சுத்தமான எஞ்சின் ஆயில் தடவி, நேராக அமுக்குங்கள். திருகிச் செருகினால் வளையம் ஓரத்தில் அறுபடும், அன்றைக்கே கசியும். சிலிக்கோன் பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து இன்ஜெக்டரை அடைக்கும், அங்கே வரவே கூடாது.

ரோக்கர் கவருக்குப் புது கேஸ்கெட், கூடவே பிளக் குழாய் சீல். அங்கே சிலிக்கோன் கேம் கேப் (கேம்ஷாஃப்டைப் பிடிக்கும் மூடி) மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு. போல்ட் பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான், பலம் காட்டினால் கவர் வளைந்து மறுபடி கசியும். எஞ்சின் உள் ஆவியை வெளியே விடும் பிசிவி வால்வையும் மாற்றச் சொல்லுங்கள், விலை குறைவு. அது அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புது கேஸ்கெட்டையும் தள்ளும். மேனிஃபோல்டில் வழிந்த பழைய ஆயிலை டீகிரீசரால் துடைக்கவும். பானட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு ஆயிலில் ஊறியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

முடிந்ததும் அதே டிஷ்யூ சோதனை. மறுநாள் காலை குளிர் எஞ்சினில் இன்னொரு முறை.

ஆயர் ஈத்தாம்

காரில் 1 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் வையுங்கள், சிரிம் தர முத்திரை பார்த்து வாங்குங்கள். பூட்டில் சாமான்களுக்கு அடியில் வேண்டாம், டிரைவர் சீட்டிலிருந்து கை எட்டணும். பாலத்தில் புகை தெரிந்தால் ஓரம் கட்டி, சாவியை ஆஃப் செய்யுங்கள், அதோடு பம்ப்பும் நிற்கும். எல்லாரையும் இறக்கித் தள்ளி நிறுத்தி 999. பானட்டை முழுதாகத் திறக்காதீர்கள், காற்று புகுந்தால் தீ முகத்துக்கு எழும். முதல் லாட்சை மட்டும் விடுவித்து, அந்த இடுக்கு வழியாகப் பவுடரை அடியுங்கள். 1 கிலோ சில வினாடிதான் வரும். அதில் அடங்கவில்லை என்றால் விலகி நில்லுங்கள், பொம்பா (தீயணைப்புப் படை) வரட்டும்.

ஜெலுத்தோங் வாசி

அண்ணே, ஏர்பேக் பார்ட்ஸ் வரக் கொஞ்ச நாள் ஆகுமாம். அதுவரை ஃபியூஸை எடுத்து ஏர்பேக்கை ஆஃப் செய்துவிடலாமா? கெடாய் போத்தோங்கில் (பழைய கார் உதிரிக் கடையில்) ஸ்டீயரிங் ஏர்பேக் மலிவாகக் கிடைக்கிறது என்றும் ஒருவர் சொன்னார்.

பிறை கியூசி

வேண்டாம், இரண்டுமே. போத்தோங் கடையில் கிடைப்பது உங்கள் காரின் அதே வயது, அதே இன்ஃப்ளேட்டராகவே இருக்கும். ஒரு ஆபத்தைக் காசு கொடுத்து இன்னொரு ஆபத்தாக மாற்றுவது அது. ஏர்பேக் இணைப்பில் மல்டிமீட்டர் வைத்து அளப்பதும் கூடாது, அந்தச் சிறு கரண்டே அதை வெடிக்க வைக்கலாம். ஃபியூஸ் எடுப்பதைப் பற்றி நீங்களாக முடிவெடுக்காமல் சர்வீஸ் சென்டரிடமே கேளுங்கள். பார்ட்ஸ் வரும் வரை அந்தக் காரை எடுக்காமல் இருக்க முடிந்தால் அதுதான் நல்லது, பிறைக்கு பஸ் இருக்கிறது, பட்டர்வொர்த் வரை ஃபெர்ரியும் இருக்கிறது. மாற்று வண்டி தர முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. வேலை முடிந்ததும் சேசிஸ் நம்பர் எழுதிய ஜாப் ஷீட் நகலை வாங்கி கிரானோடு வையுங்கள். சில வாரம் கழித்து இணையதளத்தில் அதே எண்ணை மறுபடி போட்டு, பாக்கி நீங்கிவிட்டதா என்று பாருங்கள்.