பாத்ரூம் வேலை முடிச்சாச்சு, கீழ்வீட்டுல ஒழுகுதுன்னு பாக்கி தரமாட்டேங்கிறார். அவசரம்

கொலறு_கை
எல்லாருக்கும் வணக்கம். ஒரு பாத்ரூம் வேலை எடுத்து முடிச்சுக் கொடுத்தேன். இப்ப கீழ ஒழுகுது, நீதான் கெடுத்தே, சரி பண்ணு, அதுவரைக்கும் பாக்கி கிடையாதுங்கிறார் வீட்டுக்காரர். அந்த ஒழுகல் நான் போறதுக்கு முன்னாடியே இருந்தது. எக்ஸ்ட்ரா வேலையும் செஞ்சேன், அதுக்கும் ஒண்ணும் வரலை. ஆளுங்களுக்குக் கூலியை என் கையிலிருந்து கொடுத்துட்டேன். நாளைக்குப் போய் நான் மாட்டின குழாய், வாஷ்பேசின் எல்லாத்தையும் கழட்டிக்கிட்டு வந்துடலாம்னு இருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க.

குழாய்க்காரர்
முதல்ல கழட்டாதீங்க அண்ணே. சுவத்துல மாட்டின பொருளை அவர் சம்மதம் இல்லாம எடுத்தா, நேத்து வரைக்கும் பாக்கி கேட்டவர் நாளைக்குப் பதில் சொல்ற ஆளா ஆயிடுவீங்க. என்ன வேலை எடுத்தீங்கன்னே சொல்லலையே. டைல்ஸ் மட்டுமா? பைப்பைத் தொட்டீங்களா? எப்பவும் ஒழுகுதா, குளிக்கும்போது மட்டுமா?

வீட்டுப்பக்கம்
முன்னாடியே இருந்ததுன்னு எப்படித் தெரியும்? போட்டோ இருக்கா?

தூக்குக்குண்டு
கிரவுட்தான். சந்தேகமே வேண்டாம். டைல்ஸ் இடுக்கை அடைக்கிற கிரவுட் சரியா இறங்கலைன்னா அது வழியாத்தான் தண்ணி போகும். எபாக்ஸி கிரவுட் (ரெசின் கலந்தது) போட்டு முடிங்க, பாக்கி தானா வரும்.

ரசமட்டம்
இந்த மாதிரி இழை மாசத்துக்கு நாலு வருது, நானும் அதையேதான் எழுதிக்கிட்டு இருக்கேன். தம்பி, கையில எழுத்து இல்லாம சுத்தியலைத் தூக்கக் கூடாது. பெரிய வேலைகளுக்கு 1999 ஃபிடிக் சிவப்புப் புத்தகம்னு ஒரு ஒப்பந்த வடிவம் இருக்கு. எதிர்பாராத நிலைமைக்குன்னே அதுல 4.12-ன்னு ஒரு பிரிவு இருக்கு. தோண்டும்போது எதிர்பாராதது தெரிஞ்சா உடனே நோட்டீஸ் கொடுக்கணும். கூடுதல் பணத்துக்கான நோட்டீஸை 28 நாளுக்குள்ள கொடுக்கலைன்னா 20.1-ம் பிரிவுபடி உரிமையே போயிடும். அடிப்படை தெரியாம வேலை எடுத்தா இப்படித்தான் ஆகும்.

குழாய்க்காரர்
சார், அவர் எடுத்தது ஒரு பாத்ரூம். அவரே பதட்டத்துல இருக்கார்.

ரசமட்டம்
பாத்ரூமா இருந்தா என்ன? தரைக்கு உள்ள என்ன இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. தெரிஞ்ச அன்னைக்கே எழுதிக் கொடுக்கணும். நான் சொன்னது அவ்வளவுதான்.

கொலறு_கை
மன்னிக்கணும், இன்னொரு சைட்ல இருந்தேன். பழைய டைல்ஸ் உடைச்சு புதுசு போடுறது, குழாய் மாட்டுறது, இதான் பேச்சு. சுவத்துக்குள்ள இருக்கிற பைப்பைத் தொடலை. உடைச்சுப் பார்த்தா உள்ள நிரப்பியிருந்த செங்கல் துண்டெல்லாம் ஊறிப் போய்க் கிடந்தது. எல்லாத்தையும் அள்ளிட்டு, ரெண்டு கோட் வாட்டர்ப்ரூஃபிங் அடிச்சு, திரும்ப நிரப்பினேன். போன்ல சொன்னேன், "செய்ங்க, பார்த்துக்கலாம்"னார். போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன். நிறுத்தி வெச்சிருக்கிறது மொத்தத்துல 30 சதவீதம், எக்ஸ்ட்ரா தனி.

பழங்கட்டடம்
இதைத்தான் முதல் பதிவுலயே சொல்லியிருக்கணும்! தரையைத் தாழ்த்திக் கட்டின பாத்ரூம், உள்ள ஊறின நிரப்பு. அங்க தண்ணி ரொம்ப நாளாவே போய்க்கிட்டு இருந்திருக்கு. அந்த மாதிரி இடத்துல கான்கிரீட் உறிஞ்சி வெச்ச தண்ணி வேலை முடிஞ்சு வாரக்கணக்காச் சொட்டும்.

கீழ்வீட்டுக் கூரையை ஏணி போட்டுப் பக்கத்துல போய்ப் பாருங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணா பழுப்பு வளையம் தெரிஞ்சா பல தடவை நனைஞ்சு காய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். வெள்ளையா உப்புப் பூத்திருக்கா, கம்பித் துரு இறங்கியிருக்கா, கறைக்கு மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கான்னு பாருங்க. துரு ஒரு வாரத்துல கான்கிரீட்டைத் தாண்டி வெளிய வராது.

அந்தப் போட்டோவை போன்ல இருந்து அழிச்சுடாதீங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அளவு குறைஞ்சு, எடுத்த நேரம் மாதிரி உள் விவரமும் போயிடும். ஒரிஜினல் உங்க போன்லதான் இருக்கும். அந்தச் சாட்டையும் அப்படியே விட்டு வைங்க. அவர் பார்த்த தேதிக்கு அதுதான் சாட்சி.

தூக்குக்குண்டு
நிரப்பு ஊறினதே பழைய கிரவுட் போனதாலதான். நான் சொன்னதுக்கு இதுதான் ஆதாரம்.

குழாய்க்காரர்
அண்ணே, சிமெண்ட் கிரவுட் எப்பவும் கொஞ்சம் தண்ணி உறிஞ்சத்தான் செய்யும். டைல்ஸும் கிரவுட்டும் மேல்சட்டை மாதிரி. தண்ணியைத் தடுக்கிறது கீழ இருக்கிற வாட்டர்ப்ரூஃபிங் கோட். கோட் நல்லா இருந்தா கிரவுட்ல விரிசல் விட்டாக்கூட கீழ்வீட்டுக்குப் போகாது.

தூக்குக்குண்டு
22 வருஷமா டைல்ஸ் ஒட்டுறேன். எபாக்ஸி போட்டு நின்ன ஒழுகல் எத்தனைன்னு எனக்குத் தெரியும்.

குழாய்க்காரர்
நின்னிருக்கலாம். கோட் போன இடத்துல மேல அடைச்சா கொஞ்ச காலம் நிக்கும். அதனால காரணம் கிரவுட்னு ஆயிடாது.

வீட்டுப்பக்கம்
கிரவுட் சண்டையைத் தனி இழையில வெச்சுக்கோங்க. நான் அந்த வீட்டுக்காரர் நிலைமையில இருந்திருக்கேன். எனக்கும் ஒரு காண்ட்ராக்டர் எல்லாத்துக்கும் "பழசும்மா, பழசும்மா"ன்னார். மூடினதுக்கு அப்புறம் சொன்னா நான் எதை வெச்சு நம்புறது? மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தா அன்னைக்கே ஒத்துக்கிட்டிருப்பேன். பணம் நிறுத்துறவங்க எல்லாருக்கும் ஏமாத்துற எண்ணம் கிடையாது, கீழ்வீட்டுக்காரங்க தினம் வந்து நின்னா பயம் வரும். இன்னொண்ணும் கேக்கணும். பிரேக்கர் மெஷின் போட்டு உடைச்சீங்களா? அந்த அதிர்ச்சியில பழைய ஜாயிண்ட் விட்டிருந்தா?

ரசமட்டம்
நல்ல கேள்வி. பழைய பைப்புக்குப் பக்கத்துல பிரேக்கர் போடவே கூடாது, உளியும் கையும்தான்.

கொலறு_கை
பிரேக்கர்தான் போட்டேன். நடுவுல மட்டும்.

குழாய்க்காரர்
அப்ப வாக்குவாதம் வேண்டாம், சோதிச்சுடுவோம். வீட்டுக்காரரையும் கீழ்வீட்டுக்காரரையும் வெச்சுக்கிட்டுச் செய்ங்க. நீங்க தனியாச் செஞ்சா யாரும் ஒத்துக்கமாட்டாங்க.

மெயின் வால்வை ராத்திரி மூடிடுங்க, காலையில கீழ சொட்டு எப்படின்னு பாருங்க. சொட்டு குறைஞ்சாலோ நின்னாலோ தண்ணி வர்ற லைன்ல ஓட்டைன்னு சந்தேகப்படலாம். வால்வைத் திறந்து எல்லாக் குழாயையும் மூடி வெச்சும் மீட்டர் ஓடினா அது உறுதி. ஹாட் லைனுக்கு, அதாவது சுடுதண்ணி பைப்புக்கு, தனி வால்வு இருந்தா அதை மட்டும் மூடியும் பாருங்க. அப்புறம் தரைத் தண்ணி வெளிய போற ட்ராப் வாயை அடைச்சு, தரையில ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி, சுவத்துல பென்சில் கோடு போட்டு 48 மணி நேரம் விடுங்க. கோடு இறங்காம, கீழ புது ஈரமும் வராம இருந்தா உங்க கோட் நல்லா இருக்கு. ஆனா வாயை அடைச்சா தரை மட்டும்தான் சோதனை ஆகும். ட்ராப் ஜாயிண்ட் தெரியணும்னா அடைப்பை உள்ள இறக்கி, கலர் தண்ணி ஊத்திப் பார்க்கணும். மூணையும் ஒரே நாள்ல செஞ்சா எது எதுன்னு குழம்பிடும்.

பழங்கட்டடம்
அதுக்கு நடுவுல ஒரு கடிதம் எழுதிடுங்க. கோபம் வேண்டாம், கணக்கு மட்டும். பேசின வேலை ஒரு பக்கம், அதுல அவருக்கே தகராறு இல்லாத தொகை எவ்வளவுன்னு. எக்ஸ்ட்ரா வேலை தனிப் பக்கம், எந்தத் தேதியில என்ன பார்த்தீங்க, போன்ல என்ன சொன்னார், எத்தனை ஆள், எத்தனை மூட்டைன்னு. ரெண்டையும் ஒரே தொகையாக் கேட்டா எக்ஸ்ட்ராவுக்கு மறுக்கிறவர் முழுசையும் மறுத்துடுவார். சோதனையில உங்க வேலைதான் காரணம்னு வந்தா நீங்களே சரி பண்ணித் தர்றதா அதுலயே எழுதுங்க. அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். ஒத்துவரலைன்னா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டு அவர் கூலியைப் பாதிப் பாதி போட்டுக்கோங்க.

பகுதித் தொகை கொடுத்தா வாங்கிக்கோங்க, ஆனா "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்"னு எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.

வீட்டுப்பக்கம்
அந்த "சரி பண்ணித் தர்றேன்" வரி வந்திருந்தா எங்க வீட்டுல பிரச்சினை பெருசாகியே இருக்காது.

தூக்குக்குண்டு
சோதனை முடிஞ்சதும் கிரவுட் நிலைமையையும் சொல்லுங்க.

(9 நாள் கழிச்சு)

கொலறு_கை
எல்லாருக்கும் நன்றி. மூணு பேரும் இருந்து பார்த்தோம். தரையில கோடு இறங்கலை, கலர் தண்ணியும் வரலை. ஹாட் லைன் வால்வை மூடினா சொட்டு நிக்குது. சுவத்தைத் தட்டினோம், நான் குழாய் மாட்டின இடத்துல இருந்து மூணு அடி தள்ளி பழைய எல்போ (பைப் திரும்புற இடத்து ஜாயிண்ட்), பச்சை பூத்துக் கிடந்தது. பேசின வேலைக்குப் பாதி வந்துடுச்சு. எக்ஸ்ட்ராவுக்கு இன்னும் பேச்சு ஓடுது. சைட்ல இருக்கேன், அப்புறம் வர்றேன்.

குழாய்க்காரர்
சந்தோஷம் அண்ணே. அந்த எல்போவைத் தூக்கிப் போடாம ஒரு கவர்ல வைங்க, எக்ஸ்ட்ரா பேசும்போது உதவும்.

பழங்கட்டடம்
பாதி வாங்கும்போது எதுலயாவது கையெழுத்துப் போட்டீங்களா?

பழங்கட்டடம்
தம்பி, இருக்கீங்களா? அந்தத் தாளைப் போட்டோ எடுத்து இங்க போடுங்க.