ஸ்பெயின் கடற்கரையில் குளிர்காலம்: வீடு, கரண்ட், காஸ், 90 நாள் கணக்கு

மாலாகாவிலிருந்து அலிகாந்தே வரைக்கும் ஜனவரிப் பகல் 16, 17 டிகிரி இருக்கும். இரவில் 7, 8க்கு இறங்கும். லண்டன் குளிரிலிருந்து வருபவர்களுக்கு வெளியே எந்தக் குறையும் தெரியாது. கஷ்டமெல்லாம் வீட்டுக்குள்தான். அங்குள்ள பழைய அடுக்குமாடி வீடுகள் கோடை வெப்பத்தைத் தாங்கவே கட்டப்பட்டவை. தரை முழுக்க டைல்ஸ், சுவரில் வெப்பக்காப்பு கிடையாது, பெரும்பாலானவற்றில் சென்ட்ரல் ஹீட்டிங்கும் இல்லை. மத்தியானம் வெளியே அரைக்கைச் சட்டையோடு உட்காரலாம், உள்ளே ஸ்வெட்டர் வேண்டும்.

அதனால் வீடு தேடும்போது கடல் தெரிகிறதா என்பதைவிட ஹாலும் பால்கனியும் தெற்குப் பார்த்து இருக்கின்றனவா என்று பாருங்கள். டிசம்பரில் உச்சிச் சூரியன்கூட அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்கே 2 மீட்டர் உயரக் கண்ணாடிக் கதவு இருந்தால் வெயில் மூன்றரை மீட்டர் தூரம் தரையில் விழும். மேல்மாடி பால்கனி நீட்டிக்கொண்டிருந்தால் அந்த அளவுக்குக் குறையும். வடக்குப் பார்த்த வீட்டுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு துளி வெயில் வராது. அலமாரியின் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். "தெற்குப் பார்த்தது" என்று உரிமையாளர் சொன்னால் மட்டும் போதாது. குளிர்காலத்தில் பகல் ஒன்றே கால் மணி வாக்கில் எடுத்த ஹால் படம் ஒன்று கேளுங்கள். அங்கே சூரியன் உச்சிக்கு வருவது அப்போதுதான்.

* * *

வீட்டின் திசையைப் பார்த்தாயிற்று. அடுத்துக் கேட்க வேண்டியது, வீட்டுக்கு எத்தனை கிலோவாட் ஒப்பந்தம் என்பது. ஸ்பெயினில் மின் இணைப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மாதாமாதம் தனிக் கட்டணம். கோடையில் மட்டும் வாடகைக்கு விடும் வீடுகளில் செலவை மிச்சம் பிடிக்க 3.45 கிலோவாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். 2 கிலோவாட் ஆயில் ஹீட்டரும் 1.5 கிலோவாட் வெந்நீர் பாய்லரும் சேர்ந்தாலே வரம்பு தாண்டிவிடும். மேலே ஒரு கெட்டிலையும் போட்டால் வீடே இருண்டுவிடும். ஃபியூஸ் போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். பெரிய சாமான்களை அணைத்து, மெயின் சுவிட்சைக் கீழே இறக்கி, சில நொடி கழித்து மேலே தூக்கினால் கரண்ட் வந்துவிடும்.

நேர அடிப்படையிலான கட்டணம் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 முதல் 2, மாலை 6 முதல் 10 மணி வரை விலை உச்சம். நள்ளிரவு 12 முதல் காலை 8 வரையும், சனி, ஞாயிறு முழுக்கவும் மலிவு. 50 லிட்டர் பாய்லர் பச்சைத் தண்ணீரைச் சூடாக்க ஒன்றே முக்கால் மணி நேரமாவது எடுக்கும். டைமர் வைத்து விடியற்காலை 6 மணிக்கு ஓடவிடுங்கள்.

சூடாக்க ஏசியே நல்லது. ரிமோட்டில் சூரியப் படம் போட்ட பொத்தான் இருந்தால் அது வெப்பமும் தரும். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைக்கும். ஆயில் ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான்.

* * *

காஸ் ஹீட்டர் வைத்திருக்கும் வீடுகளும் நிறைய. அந்த ஆரஞ்சு நிற பியூட்டேன் சிலிண்டரில் 12.5 கிலோ காஸ் இருக்கும். முழு வேகத்தில் எரித்தால் ஏறக்குறைய 40 மணி நேரம் வரும். பலர் கவனிக்காத விஷயம் ஈரம். ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் ஒன்றரை கிலோ நீராவி வரும். ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் 19 லிட்டர் தண்ணீர் அறைக்குள் கலந்துவிடுகிறது. அதுதான் காலையில் ஜன்னல் கண்ணாடியில் வழிகிறது, பிறகு சுவரில் கரும்புள்ளியாகிறது. தினமும் மத்தியானம் பத்து நிமிடம் எல்லா ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

படுக்கையறையில் இதை எரிக்கவே கூடாது, உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கையோடு எடுத்துவாருங்கள். ரப்பர் குழாயின் மேல் காலாவதி ஆண்டு அச்சடித்திருக்கும். அது தாண்டியிருந்தால் மாற்றித் தரும்வரை பற்றவைக்காதீர்கள். வீட்டில் காலி சிலிண்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள், காலியைக் கொடுத்தால்தான் நிறைந்தது கிடைக்கும்.

* * *

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் பகுதியில், அதாவது ஸ்பெயின், பிரான்ஸ் உட்படத் தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளை எடுத்தாலும் மொத்தம் 90 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். நவம்பர் 1 வந்தால் ஜனவரி 29 கடைசி. அதற்கு முன் பாரிஸில் உறவினர் கல்யாணத்துக்குப் போய் நின்ற நான்கு நாளும் இதில் கழியலாம். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை தொடங்கிவிட்டது. நாளைக் கணினியே எண்ணுகிறது, முத்திரை தெளிவில்லை என்ற பேச்செல்லாம் இனி எடுபடாது. மார்ச் வரை வெயில் வேண்டுமென்றால் மீதியைத் துருக்கியின் அந்தால்யாவில் கழிக்கலாம். அது ஷெங்கனில் இல்லை, அங்கே தனியாக 90 நாள் கிடைக்கும்.

இன்னும் நீண்ட காலம் தங்க, வேலை செய்யாமல் வசிக்கும் விசா இருக்கிறது. அதற்கு மாதம் 2,400 யூரோ வருமானம் காட்ட வேண்டும், கூட வரும் துணைக்கு இன்னும் 600. ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாளைத் தாண்டினால் வரியும் அங்கேதான். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

வாடகை ஒப்பந்தம் "தெம்பொராதா", அதாவது பருவகால வாடகை என்று இருக்கட்டும். எதற்காக வருகிறீர்கள், எந்தத் தேதி வரை என்பது அதில் எழுதியிருக்க வேண்டும். இதற்கு முன்பணம் சட்டப்படி இரண்டு மாத வாடகை. கரண்ட் வாடகையில் சேர்ந்தது என்றால் மாதம் எத்தனை யூரோ வரை என்று எழுத்தில் வாங்குங்கள். சண்டை வருவது எப்போதும் அங்கேதான். சேராதது என்றால் சாவி வாங்கும் அன்றே மீட்டரைப் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள்.

லண்டனிலிருந்து சாமான் கட்டுபவர்களுக்கு: பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பாலில் செய்தவையும் கொண்டுபோக முடியாது, நெய்யும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், ஆகவே வேண்டாம். கருவாட்டுக்குத் தடையில்லை, மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரை விடுவார்கள்.