முளைவடிநீரைக் குளிர்விப்பதா, ஆற்றுவதா?

குழுவினருக்கு வணக்கம்.

சிறு பியர் ஆலையில் கிளைகோலைக் (நீரில் கலந்து குளிரூட்டி ஓடவிடும், எளிதில் உறையாத நீர்மம்) கொண்டு முளைவடிநீரின் சூட்டை இறக்கும் வேலைக்குக் ‘குளிர்வித்தல்’ என்ற சொல்லைக் கலைச்சொல் பட்டியலுக்காகச் சென்ற மடலில் முன்மொழிந்திருந்தீர்கள். அதற்கு ‘ஆற்றுதல்’ என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன்.

முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்பு நீரே முளைவடிநீர். அது, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப் பூவுடன் கொதித்து முடிந்ததும், ஈஸ்ட் தாங்கும் சூட்டுக்கு, ஏல் என்னும் பியர் வகையானால் ஏறத்தாழ 20 பாகைக்கு, விரைந்து இறங்க வேண்டும். தாமதித்தால் வேண்டாத நுண்ணுயிர்கள் முந்திக்கொள்ளும். காரைக்குடியில் எங்கள் ஆயா பாலைக் காய்ச்சி, சட்டியைத் தண்ணீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தில் இறக்கி வைத்து, சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, “இன்னும் ஆறலை” என்று காத்திருந்து, அதன் பிறகே உறைமோர் விடுவார்கள். பாலுக்கு உறைமோர், வடிநீருக்கு ஈஸ்ட் என்பதைத் தவிர வேலையின் நோக்கத்தில் வேறுபாடு இல்லை. காலை உணவையே ‘பசியாற’ என்று சொல்லும் ஊர்க்காரனுக்கு, ஆறுதல் என்றால் தணிதல் என்பது அகராதி பார்த்துத் தெரிய வேண்டியதில்லை.

சொல்லுக்குப் பழைய ஆட்சியும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழைக் கள்ளாக்கும் இடத்தில் ‘மலர்வாய்ப் பிழாவிற் புலர வாற்றி’ (வாயகன்ற தட்டில் உலரும்படி ஆற்றி) என்றே வருகிறது. நொதிக்க வைப்பதற்கு முன்னான அதே படிநிலை அது.

‘குளிர்வித்தல்’ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நொதித்து முடிந்த பியரைச் சுழியத்துக்கு அருகே கொண்டுபோய்த் தெளிய வைக்கும் வேலை ஒன்று பின்னால் இருக்கிறது, அதையும் கிளைகோல்தான் செய்கிறது. அச்சொல்லை இங்கேயே செலவழித்துவிட்டால் அங்கே என்ன சொல்வோம்?

என் கருத்துக்கு எதிராக ஒன்றை நானே சொல்ல வேண்டும். ஆறுகிற பொருள் சுற்றுப்புறச் சூட்டோடு நின்றுவிடும், அதற்குக் கீழே தானாக இறங்காது. சித்திரையில் எங்கள் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் 35 பாகையைத் தாண்டுகிறது. அத்தகைய நீரைத் தகட்டு வெப்பப் பரிமாற்றியில் (தகடுகளின் ஒருபுறம் வடிநீரும் மறுபுறம் தண்ணீரும் ஓடும் கருவி) எவ்வளவு ஓட்டினாலும் வடிநீர் 38 பாகைக்குக் கீழே வருவது அரிது. கிளைகோல் தேவைப்படுவதே இதனால்தான். 500 லிட்டர் வடிநீரைக் கொதிநிலையிலிருந்து 38 பாகைக்கு இறக்க, மின்கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 36 யூனிட் வெப்பம் அகல வேண்டும். அதைத் தண்ணீரிடம் விட்டுவிட்டு, எஞ்சிய 10 யூனிட்டை மட்டும் கிளைகோலிடம் கொடுப்பதால் கிளைகோலைக் குளிரூட்டச் சிறிய சில்லரே (குளிரூட்டும் இயந்திரம்) போதுமானதாகிறது. வெளியேறும் வெந்நீரும் அடுத்த ஊறவைப்புக்கு உதவும். இரண்டாம் கட்டத்தைக் குளிர்வித்தல் என்று பிரிக்கலாமே என்றால், வடிநீர் ஒரே ஓட்டத்தில் இரண்டையும் கடக்கிறது, 20 பாகையும் கைக்குக் குளிராகத் தெரிவதில்லை. ஆகவே ‘நீராற்று’, ‘கிளைகோலாற்று’ என்று இரு கட்டங்களாகச் சொன்னால் போதும் என்பது என் துணிபு.

கிளைகோல் என்ற சொல்லைப் பெயர்க்க வேண்டாம். அதன் கிரேக்க வேர் இனிப்பைக் குறிப்பதைக் கொண்டு ‘இனிமம்’ என்று ஆக்குவது எனக்கு அச்சமூட்டுகிறது. எத்திலீன் கிளைகோல் இனிக்கத்தான் செய்யும், ஆனால் நஞ்சு. ஆலையில் பயன்படுவது உணவுத்தரப் புரோப்பிலீன் கிளைகோல். நீரில் மூன்றில் ஒரு பங்கு கலந்தால் சுழியத்துக்குக் கீழே 10 பாகையிலும் அது உறைவதில்லை. எந்தக் கிளைகோல் என்பதை முழுப்பெயரால் எழுதுவதே பாதுகாப்பு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தொழிற்பெயராக ‘ஆற்றல்’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். வெப்ப ஆற்றலைப் பேசும் அதே பத்தியில் அது குழப்பும். ‘ஆற்றுதல்’, ‘ஆற்றுகலன்’, ‘ஆற்றிய வடிநீர்’ என்ற வடிவங்களைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று தெரிவியுங்கள்.