லேமினேட் தரைக்குத் தமிழில் என்ன? ‘மரத்தளம்’ வேண்டாமே

குழுவினருக்கு வணக்கம்.

> லேமினேட் ஃபுளோரிங்: மரத்தளம்
> என்ஜினியர்டு வுட்: மரத்தளம் (வகை 2)

ஐயா அனுப்பிய கலைச்சொல் பட்டியலில் இந்த இரண்டு வரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மூன்று வருடம் முன்பு நானும் ‘மரத்தளம்’ என்று நம்பித்தான் வாங்கினேன். கடையில் கொடுத்த துண்டறிக்கையில் இதே சொல். ஒரு ராத்திரி முழுக்க ஏசித் தண்ணீர் சொட்டியிருக்கிறது. காலையில் பார்த்தால் பலகை ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி எழும்பி நிற்கிறது. தச்சரைக் கூப்பிட்டு, இழைத்துச் சமப்படுத்த முடியுமா என்று கேட்டேன். அவர் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். மேலே காகிதம் உரிந்து வந்தது, கீழே நனைந்த பிஸ்கட் மாதிரி ஏதோ உதிர்ந்தது. “சார், இது மரமே இல்ல, மரத்தோட போட்டோ. இழைச்சா போட்டோ போயிடும்” என்றார்.

இதைவிடச் சரியான வரையறையை நான் எந்த அகராதியிலும் பார்க்கவில்லை. லேமினேட் என்பது இதுதான்: மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்த பலகை, அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள், தாளுக்கு மேல் அலுமினியம் ஆக்சைடு கலந்த மெலமைன் பிசின் பூச்சு. 8 மி.மீ., 12 மி.மீ. என்று சொல்லி விற்கிற கனம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த நார்ப்பலகைதான். 1977இல் சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் உருவாக்கியது. நம் தச்சர்கள் மேசைக்கும் அலமாரிக்கும் ஒட்டுகிற ‘மைக்கா’வுக்கு இது தங்கை முறை.

என்ஜினியர்டு வுட் அப்படியில்லை. ஒட்டுப்பலகையின் மேல் 2 முதல் 6 மி.மீ. வரை அசல் மரமே இருக்கும். அது கொஞ்சம் கனமாக இருந்தால் ஒன்றிரண்டு முறை தேய்த்து மெருகேற்றலாம். விலையும் வேறு, ஆயுளும் வேறு. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் நஷ்டம் வாங்குபவருக்குத்தான்.

லேமினேட்டுக்கு ‘அடுக்குத் தளம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இரண்டுமே அடுக்குதானே? ‘மென்தகடு’ என்றால் எனக்குத் தகரம்தான் கண்ணில் வருகிறது. மேலே தெரியும் முகம் எதனால் ஆனது என்பதை வைத்துப் பிரித்தால் என்ன? முழுக்க மரம் என்றால் முழுமரப் பலகை, என்ஜினியர்டு வுட் என்றால் மரமுகப் பலகை, லேமினேட் என்றால் அச்சுமுகப் பலகை. பெயரைக் கேட்டதுமே எதை இழைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்துவிடும்.

‘தளம்’ எனக்கு இடிக்கிறது. கொத்தனாரிடம் “தளம் எப்போ?” என்று கேட்டுப் பாருங்கள், மேலே கான்கிரீட் போடுகிற நாளைச் சொல்வார். ‘தரை’ போதும்.

அப்புறம், அக்கா கேட்ட கார்ப்பெட் ‘பைல்’ (pile). ‘மயிர்’ என்பது பொருளில் சரிதான், ஆனால் எந்தக் கடைக்காரரும் எழுத மாட்டார். நெசவில் நீளவாக்கில் ஓடும் பாவு இருக்கிறது, குறுக்கே ஓடும் ஊடை இருக்கிறது. பவானி ஜமக்காளம் அந்த இரண்டோடு முடிந்துவிடும். கம்பளத்தில் மூன்றாவதாக ஒரு நூல் எழுந்து நிற்கிறது. ‘நிமிரிழை’ எனலாமா? நுனியை வெட்டிவிட்டால் வெட்டிழை, வளையமாகவே விட்டால் கண்ணியிழை. பூனை வளர்ப்பவர்கள் கண்ணியிழை பக்கம் போக வேண்டாம். ஒரு நகம் மாட்டினால் வரிசையாக உருவிக்கொண்டு வரும்.

----

மறுமொழி:

நிமிரிழை எனக்குப் பிடித்திருக்கிறது. அச்சுமுகத்தில்தான் ஒரு சிக்கல். இங்கே ரொறன்ரோவில் நிலவறைக்கு எல்லோரும் இப்போது வினைல் பலகைதான் போடுகிறார்கள். அதன் முகமும் அச்சிட்ட படம்தான், ஆனால் தண்ணீர் ஊறாது. ‘அச்சுமுகப் பலகை’ என்று இரண்டையும் சொன்னால், வினைல் என்று நினைத்து லேமினேட்டை வாங்கி உங்களைப் போல அப்பளம் பொரிக்க வேண்டியதுதான். எங்கள் ஊரில் தரை டைல்ஸையே ‘மாபிள்’ எண்டுதான் சொல்லுவினம், அதனால் சொல் பொருளைவிட்டு நழுவுவது எனக்குப் புதிதல்ல. என்றாலும் புதுச் சொல்லை ஓட்டையோடு தொடங்க வேண்டாமே.

----

மறுமொழி:

சரி, மாட்டிக்கொண்டேன். முகத்தை மட்டும் பார்த்து உடம்பை விட்டுவிட்டேன். அச்சுமுக நார்ப்பலகை, அச்சுமுக வினைல் பலகை என்று இரண்டாக்கிவிடலாம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் தண்ணீர் பட்டால் எது ஊதும் என்பது ‘நார்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது.

இன்று தச்சரிடம் சொல்லிப் பார்த்தேன். “அச்சுமுகமா? நாங்க போட்டோ பலகைன்னே சொல்லிக்கறோம் சார்” என்றார். பட்டியலில் வழக்குச் சொல்லுக்கு ஒரு கட்டம் விட்டிருக்கிறீர்களே ஐயா, அதில் இதையும் சேர்த்துவிடுங்கள்.